போட்டோவில் கண் வெள்ளையாகத் தெரிந்தால்

குடியாத்தத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். காதுகுத்து, முதல் பிறந்தநாள் என்று ஆல்பம் போடுவதுதான் பிழைப்பு. ஃப்ளாஷில் கண் சிவப்பாக விழுந்திருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்காதவர்கள் இல்லை. எடுத்துத்தான் தருகிறேன். ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு குழந்தையின் கண்ணையும் பெரிதாக்கிப் பார்த்துவிடுவேன்.

அந்தச் சிவப்பு நல்லது. ஃப்ளாஷ் வெளிச்சம் கண்மணி வழியே உள்ளே போய், விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ரத்த ஓட்டத்தில் பட்டுத் திரும்புகிறது. வழியில் தடை இல்லை. வெள்ளையாகவோ மஞ்சளாகவோ திரும்பினால்தான் கவலை. பிறவியிலேயே வந்த புரையாக இருக்கலாம். விழித்திரையில் கட்டியாகவும் இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்கிற கண் புற்றுநோய், பெரும்பாலும் 5 வயதுக்குள் வருவது. குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. ஒரு கண்ணால் பார்த்தபடி விளையாடிக்கொண்டிருக்கும்.

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு காதுகுத்து. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மாமன் மடியில் உட்கார்ந்திருந்தான் பையன். ராத்திரி படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தால் வலது கண் சிவப்பு, இடது கண் வெள்ளை. ஓரமாகப் பார்க்கும் குழந்தைக்கு, பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் வெளிச்சம் பட்டு, நல்ல கண்ணும் அப்படித் தெரிவதுண்டு. இவன் கேமராவை நேராகப் பார்த்த படங்களிலும் அதேதான்.

காலையில் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“லேசா மாறுகண்ணு இருக்குதுண்ணா. அம்மா அதிர்ஷ்டம்னு சொல்றாங்க.”

“தம்பி, மாறுகண்ணும் இதுக்கு ஒரு அறிகுறிதான். இந்த வாரமே காட்டிடு.”

முன்பே ஓரிடத்தில் காட்டியிருக்கிறார்கள். வளர வளரச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்களாம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. வேலூர் ஆரணி ரோட்டில் இருக்கும் ஷெல் கண் மருத்துவமனைக்குப் போனார்கள். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைத்துப் பார்த்தார்கள், அப்புறம் மயக்கம் கொடுத்து முழுமையாகச் சோதித்தார்கள். கட்டிதான். பெரிதாகிவிட்டதால் அந்தக் கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் லேசர், கீமோ என்று கண்ணையும் காப்பாற்ற வழி உண்டு. உயிர் தப்பியது. செயற்கைக் கண் வைத்துக்கொண்டு இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

எல்லாமே கேமராவில் தெரிந்துவிடாது. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை ரத்தக் குழாய்கள் சரியாக வளராமல் போகலாம். வெளியே ஒன்றுமே தெரியாது. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே. கைக்குழந்தையின் கண் பெரிதாக இருந்தால் அழகு என்கிறோம். கூடவே நீர் வடிந்து, வெளிச்சத்துக்குக் கூசினால், கண் அழுத்த நோயா என்று பார்க்க வேண்டும்.

சில போன்கள் சிவப்பைத் தாமாகவே அழித்துவிடுகின்றன. செட்டிங்கில் அதை நிறுத்திவிடுங்கள். வெள்ளையாகத் தெரிந்த படத்தை எடிட் செய்யாமல் அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். படம் சரியாக இருந்தாலும், பார்வையில் சந்தேகம் என்றால் காட்டத்தான் வேண்டும்.

இந்தக் கண் புற்றுநோய் பரம்பரையாகவும் வரலாம் என்பதால், அந்தப் பையனுக்குத் தங்கச்சி பிறந்ததுமே அவள் கண்ணையும் பரிசோதித்துவிட்டார்கள். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன.