தாம்பாளத்தின் பின்னால் போனவன்

ஆவணி பிறந்துவிட்டால் மதுரைப் பக்கம் போட்டோகிராபர் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆடி முழுக்கப் பூட்டிக் கிடந்த மண்டபங்களெல்லாம் ஒரே வாரத்தில் வாழைமரம் கட்டிக்கொள்ளும். என் அத்தை மகன் கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தவர், முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, அதே தேதியில் பெரிய இடம் ஒன்று அமைந்துவிட்டதென்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீடியோக்காரர் மட்டும் மிச்சம். "சித்திரைத் திருவிழாவில் அழகரை அத்தனை படம் எடுத்தாயே, இதை எடுக்க மாட்டாயா?" என்று அத்தை கேட்டார். அழகர் யாரிடமும் ஆல்பம் கேட்பதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

என்னிடம் இருந்தது ஒரு பழைய கிராப் சென்சார் கேமராவும் 50 மி.மீ. லென்ஸும். திருவிழாக் கூட்டத்தில் ஒரு முகத்தைப் பிடிக்க அது போதும். மணமேடையில் போதாது. கிராப் சென்சார் என்றால் படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் சிறியது; அதில் 50 என்பது 75 போல நடந்துகொள்ளும், காட்சியைக் குறுக்கிவிடும். எட்டுப் பேரை அடக்கப் பின்னால் நகர்ந்துகொண்டே போனால் மேடையிலிருந்து கீழே விழ வேண்டியதுதான். எனவே இன்னொரு கேமராவும், அகலமான காட்சியையும் அடக்கும் 24-70 லென்ஸும் வாடகைக்கு எடுக்கப் போனேன். ஆதார் நகல் கொண்டு போனேன். அசல்தான் வேண்டும் என்றார்கள். தொலைபேசியில் கேட்டபோது நகல் போதும் என்று சொன்னதும் அதே ஆள்தான். திருநகருக்குத் திரும்பி வந்து அசலை எடுத்துக்கொண்டு போனால், சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறாராம். ஒன்றரை மணி நேரம் கடை வாசலில் நின்றேன். அந்த எரிச்சலில் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் பார்த்தால் ஒரே ஒரு பேட்டரி, அதுவும் வயிறு உப்பிப்போய், வெளியே எடுக்க நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. வாடகைக்கு எடுப்பவர்கள் கடையிலேயே பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். லென்ஸின் பின்னால் செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள். முறைப்பார்கள், முறைக்கட்டும்.

முந்தைய நாள் மாலை சோழவந்தானில் வரவேற்பு. அம்மா சீர்த்தட்டுகளோடு வேனில் போய்விட்டார். மாப்பிள்ளைக்கு அப்பாதான் தாய்மாமன்; வேனில் முன் இருக்கையில் போயிருக்க வேண்டியவர். "வாடகைச் சாமான், எங்காவது குழியில் இறக்கிவிடுவாய்" என்று சொல்லி, கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு என் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டார். கோச்சடை, துவரிமான், மேலக்கால் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. குழி வரும்போது மட்டும் தோளைத் தட்டினார்.

வரவேற்பில் முதல் அடி விழுந்தது. ஷட்டர் சத்தம் யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று சைலன்ட் ஷட்டரில் வைத்தேன். இரண்டு ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கச்சேரி நடக்கும் மண்டபத்தில் என் ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது? யோசிக்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால், மாப்பிள்ளையின் நெற்றியில், பெண்ணின் கன்னத்தில், பின்னாலிருந்த பூ அலங்காரத்தில், எங்கும் குறுக்கே கரும்பட்டைகள். கோரைப்பாயை விரித்து அதன்மேல் கல்யாணத்தை அச்சடித்ததுபோல இருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்.இ.டி. விளக்குகள் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது. சைலன்ட் ஷட்டர் என்பது எலக்ட்ரானிக் ஷட்டர்; அதுவோ படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. ஷட்டர் வேகத்தை 1/500 வினாடி வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு வெளிச்சம் கிடைக்கும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, வேகத்தை 1/100-க்கு இறக்கியதும் தீர்ந்தது. ஆனால் அதைக் கண்டுபிடித்தபோது வரவேற்பு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். கேமராவின் சின்னத் திரையில் பட்டை தெரியவில்லை. முதல் பத்துப் படத்திலேயே ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். மேடையில் எடுத்ததில் தேறியது நாற்பது.

காலையில் முகூர்த்தம் 7.30 முதல் 9.00. மாப்பிள்ளை அழைப்பு, மாலை, காப்புக் கட்டு எல்லாம் ஒழுங்காக நடந்தன, ஒழுங்காகவே எடுத்தேன். பிறகு தாம்பாளம் புறப்பட்டது.

தெரிந்ததுதான். மஞ்சள் பூசிய தேங்காயின்மேல் தாலியை வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பதற்காகச் சபையைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வரிசை வரிசையாகப் போய் வரப் பத்து நிமிடமாவது ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, தாம்பாளத்தின் பின்னாலேயே இறங்கிவிட்டேன். மூன்றாவது வரிசையில் அப்பத்தா. எனக்கு அப்பத்தா, மாப்பிள்ளைக்கு அம்மாச்சி. தாலியைத் தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரல் நுனியில் மஞ்சள், அது இமையிலும் ஒட்டிக்கொண்டது. இரண்டு படம் எடுத்தேன். மூன்றாவதுக்கு இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

"நேரமாகிறது, கொண்டுவாருங்கள்!" என்று மேடையிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். தாம்பாளம் பக்கவாட்டு வழியாக ஓட்டமாகப் போய்விட்டது. நான் நிமிர்வதற்குள் கெட்டிமேளம் கொட்டிவிட்டது.

எனக்கும் மணமேடைக்கும் நடுவே எழுந்து நின்ற மூன்று வரிசை. அத்தனை கையும் மேலே. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி அழுத்தினேன். அட்சதை வந்து லென்ஸில் விழுந்தது. பதினொரு படம் பதிவாகியிருக்கிறது. பத்தில் கைகள், ஜடை, யாரோ ஒருவருடைய வழுக்கை. பதினோராவதில் ஃபோகஸ் போய் நின்றது, முன்னால் இருந்தவர் தூக்கிப் பிடித்திருந்த செல்போனில். அந்தப் போனின் திரையில், தீப்பெட்டி அளவுக்கு, என் அத்தை மகன் தாலி கட்டிக்கொண்டிருக்கிறான். அவ்வளவு தெளிவு.

வீடியோக்காரர் மேடையில் சரியான இடத்தில் நின்றிருந்தார். அதிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்துக்கொள்ளலாமே என்று பலரும் சொன்னார்கள். அவர் எடுத்தது ஃபுல் எச்.டி., அதாவது 1920-க்கு 1080. நாலுக்கு ஆறு அளவில் அச்சடித்தால் குறை தெரியாது. கல்யாண ஆல்பத்தின் 12-க்கு 36 அங்குலத் தாளில் விரித்தால் தாலிக்கும் கயிற்றுக்கும் வித்தியாசம் தெரியாது.

அடுத்து நான் செய்தது இன்னும் மோசம். மேடைக்கு ஓடி, "மாப்பிள்ளை, ஒரே ஒரு முறை தாலியைக் கழுத்துக்குப் பக்கத்தில் கையால் பிடி, கட்டுவதுபோல" என்றேன். அவனும் பாவம், கையை நீட்டினான். அதற்குள் அப்பத்தா மேடைக்கு வந்துவிட்டிருந்தார். "கட்டின தாலியை மறுபடி கட்டுவதா? உனக்குப் படம் வேண்டுமென்றால் உன் கல்யாணத்தில் நாலு முறை கட்டிக்கொள்!" மைக் பக்கத்திலேயே இருந்தது. சபை முழுக்கக் கேட்டது. பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை எடுத்தேன். அந்தக் காலையில் என் கை தானாகச் செய்த ஒரே உருப்படியான காரியம்.

முதல் முறை எடுக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தாம்பாளத்தின் பின்னால் போகாதீர்கள். அதைச் செல்போன் வைத்திருக்கும் ஏதாவது ஒரு தம்பியிடம் விட்டுவிடுங்கள். ஐயர் மாங்கல்யத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே மேடையில் உங்கள் இடத்தில் நின்றுவிடுங்கள். நாத்தனார் முடிச்சுப் போடப் பின்னால் வந்து நிற்பாரே, அவர் மறைக்காத பக்கமாக. மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், தவில்காரரையும் ஒரு கண்ணால் பாருங்கள். ஐயர் விரலை ஆட்டிக் காட்டுவதற்காகக் காத்திருப்பவர் அவர்தான். அந்தச் சைகை அந்த மண்டபத்தில் வேறு யார் கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும் அவர் கண்ணில் படும். அவர் குச்சியைப் பிடிக்கும் விதம் மாறினால் நீங்கள் விரலைப் பட்டனில் வைத்துவிடலாம். இதை எனக்குச் சொன்னவரும் தவில்காரரே. பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "தம்பி, உங்களைத்தான் தேடினேன், ஆளைக் காணோமே" என்றார்.

குரூப் போட்டோவில் வேறு தலைவலி. மேடைக்கு மேலே ரோஸ் நிறத் துணியில் விதானம் கட்டியிருந்தார்கள். முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடித்தால் வெண்ணெய் தடவியதுபோல இருக்குமே என்று மேலே திருப்பி அடித்தேன். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் மொத்தக் குடும்பமும் ரோஸ் பவுடர் பூசிக்கொண்டது. கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்ததால் பிற்பாடு பாதியைச் சரிசெய்ய முடிந்தது. மீதிப் பாதியைக் காப்பாற்றியது அப்பாவின் துண்டு. என்ன சிக்கல் என்று கேட்டார், சொன்னேன். தோளிலிருந்த வெள்ளைத் துண்டை உதறி, என் பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். ஃபிளாஷை அதன் பக்கம் திருப்பினேன். முகங்கள் முகங்களாக வந்தன. கடைசிக் குடும்பம் இறங்கும் வரை முக்கால் மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். கேமராப் பை அப்போதும் தோளில்தான்.

அன்றிரவே கார்டுகளை லேப்டாப்பிலும் ஹார்ட் டிஸ்கிலும் ஏற்றிவிட்டுத்தான் படுத்தேன். இதில் மட்டும் தப்பு நடக்கவில்லை. இரண்டு கேமராக்களின் கடிகாரத்தையும் முன்கூட்டியே ஒன்றாக வைக்காததால், கோப்புகளை நேரப்படி அடுக்கினால் பந்தி முடிந்த பிறகு மாலை மாற்றினார்கள். அதைப் பிரித்து அடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

மூன்றாவது ஞாயிறு அத்தை வீட்டில் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தோம். மொத்தம் 2,300 சொச்சம். செல்போன் திரைக்குள் தாலி கட்டும் படத்தை அத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது இருக்கட்டும்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அப்பத்தாவின் மஞ்சள் விரல் முழுப் பக்கத்துக்குப் போனது. பிறகு அத்தை கேட்டார்: "அண்ணன் எங்கேடா?"

முதலிலிருந்து தேடினோம். தாய்மாமன் மாலை போடும் இடத்தில் நான் தவறான பக்கம் நின்றிருக்கிறேன். அப்பாவின் முதுகும் புதுச் சட்டையின் மடிப்பும்தான் இருக்கின்றன. சீர் வரிசையில் அவர் இல்லை; அப்போது என் பின்னால் பேட்டரி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். குரூப் படங்கள் எதிலும் இல்லை. ஒன்றே ஒன்றில் ஓரமாக, வெள்ளைத் துண்டின் நுனியும் அதைப் பிடித்த நாலு விரலும்.

மாப்பிள்ளையையும் பெண்ணையும் அதே பட்டில் நிற்க வைத்து, அண்ணனைப் பக்கத்தில் நிறுத்தி ஒன்று எடுத்துச் சேர்த்துவிடலாம் என்றார் அத்தை. போனில் கேட்டபோது, "மாலை வாடி ஒரு மாதம் ஆகிறது, இப்போது என்ன போட்டோ" என்று அப்பா வைத்துவிட்டார். ஆல்பம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. இரண்டாவது தாளின் இடது பக்கத்தைக் காலியாக விட்டு வைக்கும்படி அத்தை சொல்லியிருக்கிறார்.