அராவ்

அக்டோபர் 12, சனி

எட்டு மணிக்குக் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். இவரால் கழுத்தை வலப்பக்கம் திருப்ப முடியவில்லை. அதை ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. "நீ ஓட்டி ரொம்ப நாளாச்சே" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். சரி.

வேல்ஸுக்குள் லாங்கோலென் தாண்டியதும் மழை. வளைவுக்கு வளைவு சாலையிலேயே வெள்ளைப் பெயின்ட்டால் இரண்டு மொழியில் எழுதியிருக்கிறார்கள், மெதுவாகப் போ என்று. வெல்ஷில் அது ‘அராவ்’. இவர் ஒன்று விடாமல் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். பெட்டுஸ்-அ-கோய்ட் வந்து சேர்வதற்குள் நாற்பதைத் தாண்டியிருக்கும்.

இன்று சனி. கூப்பிட மாட்டார்கள். நாளையும் மாட்டார்கள். அப்படியும் இவர் போனை என் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

பெத்கெலெர்ட். ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு மரத்தடி, கம்பி வேலி, கல். நாயின் கல்லறை. லெவலின் இளவரசர் வேட்டை முடிந்து திரும்புகிறார். தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, நாயின் வாயெல்லாம் ரத்தம். வாளை உருவி ஒரே குத்து. அப்புறம்தான் குழந்தை அழும் சத்தம் கேட்கிறது; பக்கத்தில் ஓநாய் செத்துக் கிடக்கிறது.

"அட, நம்ம கீரிப்பிள்ளை!" என்று கத்திவிட்டேன். அதே கதைதான். கீரியைக் கொன்றவளின் பாவம் தீரக் கோவலன் பொருள் கொடுத்தான் என்று சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. இங்கே கோவலன் இல்லை, கல்லறை இருக்கிறது. அதுவும் 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில், விடுதிக்கு ஆள் வரட்டும் என்று விடுதிக்காரர் ஒருவர் நட்ட கல் என்கிறார்கள். தெரிந்தும் தொண்டையை அடைத்தது.

"ரெண்டு நிமிஷம் பொறுத்திருக்கலாம் அந்த ஆளு" என்றார் இவர்.

நேற்று ராத்திரி நான் போனில் என்னவெல்லாம் தேடினேன் என்று பார்த்துவிட்டாரோ?

அக்டோபர் 14, திங்கள்

ஒன்பதிலிருந்து ஐந்துவரை. இன்றிலிருந்து எப்போது வேண்டுமானாலும்.

ஹார்லெக். பாறை உச்சியில் கோட்டை. 1280களில் இங்கிலாந்து அரசர் எட்வர்ட் கட்டியபோது கடல் பாறையடி வரை வந்ததாம். கப்பலில் வரும் சாமானை மேலே ஏற்ற 108 படிகள். இப்போது கடல் எங்கேயோ விலகிப் போய்விட்டது. அது இருந்த இடத்தில் மணல்மேடும் கோல்ஃப் மைதானமும். 108 என்றதும் இவருக்குக் குஷி. "தேங்காய் உடைக்கலாமா?" என்று எண்ணிக்கொண்டே இறங்கினார். 71இல் ஒரு நாய்க்குட்டி குறுக்கே வந்து கணக்குத் தப்பிவிட்டது.

நான் இறங்கவில்லை. சுவரை ஒட்டி நின்றால் சிக்னல் ஒரு கோடு, நடு முற்றத்தில் மூன்று. நடு முற்றத்திலேயே நின்றேன். 1461இலிருந்து 1468வரை ஏழு வருஷம் இந்தக் கோட்டைக்காரர்கள் பணியாமல் இருந்திருக்கிறார்கள். சாயங்காலங்களில் என்ன செய்திருப்பார்கள்? கடலில் ஏதாவது வருகிறதா என்று பார்ப்பதற்கென்றே மேலே ஒருத்தன் நின்றிருப்பான். கீழே இருப்பவர்கள் கடலைப் பார்க்க முடியாது, அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

மூன்று மணிக்கு மணி அடித்தது. கை நடுங்கிற்று. அத்தை.

"அங்க குளுராம்மா? அவனை மப்ளர் கட்டிக்கச் சொல்லு."

கட்டியிருக்கிறார் அத்தை, என்றேன். பிளாஸ்டர் தெரியாமல் இருக்கத்தான் கட்டியிருக்கிறார் என்று சொல்லவில்லை. பையனுக்கும் சொல்லவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

கைர்நார்வன். மழை. யாரும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 16, புதன்

சண்டை. பார்க்கிங் மெஷினுக்குச் சில்லறை இல்லை என்பதில் ஆரம்பித்தது. அது காரணமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நாமே ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்கிறேன். வரும்போது வரட்டும் என்கிறார். இவர் உடம்பு, சரி. ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக் கிடப்பது யார்?

பியூமாரிஸ் கோட்டைக்குள்ளும் பேச்சில்லை. சுற்றிலும் அகழி, சுவருக்குள் சுவர், நாலு பக்கமும் அளந்து வைத்த மாதிரி. ஆனால் கோபுரங்கள் பாதியில் நிற்கின்றன. 1295இல் தொடங்கிய வேலை, பணம் இல்லாமல் நின்றுபோயிற்று. கோட்டைகளைக் கட்டிய தலைமை மேஸ்திரி ஜேம்ஸ் அடுத்த வருஷமே அரசரின் கஜானாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்: கடவுள் பெயரால் கேட்கிறேன், பணத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள், இல்லாவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீண் என்று.

அதைப் படித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "பாருங்க, எழுநூறு வருஷத்துக்கு முன்னாலயே ஒருத்தர் வாயைத் திறந்து கேட்டிருக்கார்."

இவர் மொட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கப் போய், கழுத்து இழுத்து, முகத்தைச் சுளித்தார். "கேட்டு என்ன ஆச்சு?"

சிரித்துத் தொலைத்தேன். சாயங்காலம் கான்வி. அறை சின்னது, ரேடியேட்டர் நன்றாக வேலை செய்கிறது. கொண்டுவந்த புளிக்காய்ச்சல் இன்றோடு தீர்ந்தது.

அக்டோபர் 17, வியாழன்

மலைக்குப் போக வேண்டாம், அங்கே சிக்னல் இருக்காது என்றேன். "அதுக்காகத்தான் போகணும்" என்றார்.

பென்-அ-பாஸ் மேட்டில் காரை நிறுத்தினோம். 1,085 மீட்டர் அர் வித்வா மலை, ஸ்னோடன் என்பார்களே, எதிரில்தான் இருக்கிறது. மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அங்கிருந்து லான்பெரிஸுக்கு இறங்கும் பாதை என்னைப் பயமுறுத்தவே போட்டது. இரண்டு பக்கமும் வீடு வீடாகப் பாறை, நடுவில் நான், எதிரில் பஸ். அராவ். அராவ். முதுகில் நீலப் பெயின்ட் தடவிய ஒரு ஆடு, ஹாரன் அடித்தும் நகராமல் ஈரத் தாரை மோந்துகொண்டு நின்றது. சாலை அதனுடையது, வேறென்ன.

டோல்பாடர்ன் கோட்டை எனக்குப் பிடித்தது. எட்வர்ட் கட்டியது இல்லை, வெல்ஷ்காரர்களே கட்டியது. ஏரிக்கு மேல் ஒற்றை வட்டக் கோபுரம், அவ்வளவுதான். சொந்தத் தம்பியே அண்ணன் ஓவைனை இருபது வருஷத்துக்கு மேல் சிறை வைத்தது இங்கேதான் என்கிறார்கள். உள்ளே வளைந்து ஏறும் படியில் இவர் எனக்கு முன்னால் போனார். மப்ளரைக் காரிலேயே விட்டுவிட்டார். பிளாஸ்டரின் ஒரு ஓரம் உரிந்து, சுருண்டு, அதில் மப்ளரின் சிவப்பு நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஏறிக்கொண்டே கட்டைவிரலால் அதை அழுத்தி விட்டுக்கொண்டார். மறுபடி உரிந்தது. மறுபடி அழுத்தினார்.

நாலு மணி நேரம் போனைப் பார்க்கவில்லை.

ஐந்து நாற்பதுக்குக் கோடுகள் வந்தன. 4.52க்குத் தவறிய அழைப்பு. ஒரு குரல் செய்தி.

இரவு

பத்தொன்பது வினாடி. திரும்பக் கூப்பிடுங்கள், அவ்வளவுதான். இவர் பெயரைத் தப்பாகச் சொல்கிறாள், குரலில் ஜலதோஷம். நல்ல செய்தி என்றால் அதையே சொல்லியிருக்க மாட்டாளா? கெட்ட செய்தி என்றால் சின்னப் பெண்ணை விட்டா கூப்பிடச் சொல்வார்கள்? பதினோரு முறை கேட்டாயிற்று. ஏழாவது முறைக்கப்புறம் இவர் தூங்கிவிட்டார், அல்லது தூங்குவதுபோல் படுத்திருக்கிறார்.

அந்த இளவரசர் ரெண்டு நிமிஷம் பொறுத்திருக்கலாம். ரெண்டு நிமிஷம் என்றால் நானும் பொறுப்பேன்.

அக்டோபர் 18, வெள்ளி

எட்டு பத்து. ஒன்பதுக்குத்தான் திறப்பார்கள்.

ஊர் மதிலில் ராஜா காலத்துக் கக்கூஸ் பன்னிரண்டு வரிசையாக இருக்கிறதாம், அதற்குள் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்கிறார். ஷூ போட்டாயிற்று. மப்ளரைக் காணோம் என்று பையைக் கட்டில்மேல் கொட்டித் தேடிக்கொண்டிருக்கிறார்.

நான் கட்டியிருக்கிறேன்.