பச்சை டிக் விழுந்த தேதிகள்

2023 ஏப்ரல். கோவையில், பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவில் இருந்தேன். கிளைகளிலிருந்து எக்செல்லில் வரும் புகார்களை ஷேர்பாயிண்ட் லிஸ்டில் (எல்லோரும் ஆன்லைனில் பார்க்கும் பட்டியல்) ஏற்றுவதற்கு, வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் பவர் ஆட்டோமேட்டில் ஒரு ஃப்ளோ, அதாவது தானே ஓடும் வேலை வரிசை, போட்டிருந்தேன். காலை ஐந்து மணிக்கு ஓடும். எட்டு மணிக்கெல்லாம் அன்று போக வேண்டிய தோட்டங்களும் வீடுகளும் மெக்கானிக்குகளின் போனில் வந்துவிடும்.

முதல் வாரம் முழுக்க, ஃப்ளோ பிழையில்லாமல் ஓடி முடிந்தது என்று காட்டும் பச்சை டிக்தான். 11ஆம் தேதி காலையில் முதல் தடவையாகப் பிழை என்று சிவப்பு. ‘13/04/2023’ என்பது செல்லாது, தேதி ஐஎஸ்ஓ 8601 வடிவத்தில் (ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில்) இருக்க வேண்டும் என்று பிழைச் செய்தி. வேலை நெருக்கடியில் அந்த வரியைக் கையால் ஏற்றிவிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

17ஆம் தேதி கிளையிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். “தம்பி, கோபி பக்கம் ஒரு வாழைத் தோட்டத்துக்காரர் மோட்டார் ஓடாம காத்துக்கிட்டு இருக்காருங்க. அஞ்சாந் தேதி ஆள் வரும்னு நான்தான் சொன்னேன். இதுவரைக்கும் யாருமே போகலையே?”

லிஸ்டைத் திறந்தேன். அவர் பெயர் இருந்தது. தேதி மட்டும் 2023 மே 4.

பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. தேதியின் வடிவத்தை மாற்ற ஃப்ளோவில் நான் போட்டிருந்த ஃபார்மேட்டேட்டைம் என்ற ஃபங்ஷன், சாய்கோடு போட்ட தேதியை அமெரிக்க வழக்கப்படி, மாதத்தை முன்னால் வைத்துப் படிக்கும். நாம் 05/04 என்று எழுதும் ஏப்ரல் 5 அதற்கு மே 4. அப்படியொரு தேதி இருப்பதால் எந்தப் பிழையும் காட்டாமல் ஏற்றிவிடும். பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால்தான் 11ஆம் தேதி மாட்டியது. அதற்கு முன்பு ஏறியதெல்லாம் தப்பாகவே ஏறியிருந்தது. 04/04 மட்டும் எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான் என்பதால் தப்பித்தது. சிவப்பு வந்த அன்றே, “நேற்றுவரை எப்படிச் சரியாக ஓடியது?” என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

சோதித்தபோது ஏன் தெரியவில்லை? நான் சோதித்தது தலைமை அலுவலகத் தாளில். அங்கே தேதிகள் நிஜமான எக்செல் தேதிகள். ஏப்ரல் 5 உள்ளே 45021 என்ற எண்ணாக இருக்கும், வரிசைகளைப் படிக்கும் ஆக்‌ஷனில் ஐஎஸ்ஓ 8601 என்று தேர்ந்தெடுத்தால் ஒழுங்காக வந்துவிடும். கிளைகளில் தேதியை வெறும் எழுத்தாக அடித்திருந்தார்கள். தாளைத் திறந்தால் கண்ணுக்கே தெரியும்: நாமாக மாற்றாதவரை நிஜத் தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம். நான் ஒரு கிளைத் தாளைக்கூடத் திறந்து பார்த்திருக்கவில்லை.

அன்று மாலைக்குள், எழுத்தாக இருக்கும் தேதியை நாம் சொல்லும் வடிவத்தில் படிக்கும் பார்ஸ்டேட்டைம் ஃபங்ஷனைப் போட்டு, நாள்/மாதம்/ஆண்டு என்ற வடிவத்தை வெளிப்படையாகக் கொடுத்தேன். புகார் வந்த நாளிலிருந்து 15 நாளுக்கு மேல் தள்ளிப் போகும் தேதி வந்தால் ஏற்றாமல் கிளைக்கே திருப்பி அனுப்பும்படி ஒரு கண்டிஷனும் சேர்த்தேன். பழைய வரிகளை எக்செல்லோடு ஒப்பிட்டுத் திருத்த இரவு பதினொன்று ஆனது.

மற்ற ஃபீல்டுகளும் படுத்தின. பல தேர்வுகள் உள்ள ஃபீல்டுக்குக் கமா போட்ட சொற்றொடர் ஆகாது, தனித்தனி மதிப்புகளாகப் பிரித்து அரேயாகக் கொடுக்க வேண்டும். இன்னொரு லிஸ்டைச் சுட்டும் லுக்கப் ஃபீல்டுக்குக் கிளையின் பெயர் போதாது, அதன் ஐடி எண் வேண்டும். ஊழியரைக் குறிக்கும் ஃபீல்டில், வேலையை விட்டுப் போனவரின் மின்னஞ்சல் வந்தால் ஆளே இல்லை என்று நின்றுவிடும். இவற்றையெல்லாம் அரை நாளில் சரிசெய்தேன். தப்பாக இருந்தால் உடனே சிவப்பு காட்டிவிடும் என்பதால் இவற்றைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை.

மறுநாள் காலையில் மெக்கானிக்கோடு நானும் கோபிக்குப் போனேன். மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்திருந்தது. தோட்டத்துக்காரர் கோபப்படவில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து குழாய் இழுத்து முடிந்த அளவு தண்ணீர் விட்டிருந்தார். கிழக்கு ஓரத்தில் நான்கு வரிசைக் கன்றுகள் காய்ந்து சாய்ந்திருந்தன. சாயங்காலம் தண்ணீர் வந்ததும் முதலில் அந்தப் பக்கத்து வாய்க்காலைத்தான் திறந்துவிட்டார்.