லிஸ்பன்ல கால் தேஞ்ச கதை

ஏப்ரல் 22, 2024, திங்கள்

போன்ல ரோமிங் போடல, வேணும்னே தான். திருவல்லிக்கேணி பிளாட்பாரத்துல நூறு ரூபாய்க்கு வாங்குன 1997 பதிப்பு கைடு புக் ஒண்ணு, அத மட்டும் வச்சுக்கிட்டு போர்ச்சுகல் தலைநகரம் லிஸ்பன் சுத்தப்போறேன்னு சொன்னதுக்கு வீட்ல ஒரே சிரிப்பு. விலை எல்லாம் யூரோவுக்கு முந்தின காசு எஸ்குடோல தான் போட்டிருக்கு, அதுக்காக தெரு என்ன எந்திரிச்சா போகப்போகுது?

இன்னிக்கு பைஷா மட்டும், ஊரோட நடு ஏரியா. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், காலைல ஊரே பூசைல இருக்கறப்ப பூகம்பம், பின்னாடியே ஆத்து வழியா சுனாமி, அது போதாதுன்னு தீ வேற புடிச்சு நாள்கணக்கா எரிஞ்சிருக்கு. அப்புறம் பொம்பால்ங்கற மந்திரி உக்காந்து ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி கட்டுனது தான் இந்த ஏரியா. தங்க வேலைக்கு ஒரு தெரு, வெள்ளிக்கு ஒண்ணு, செருப்பு தைக்கறவங்களுக்கு ஒண்ணு. ஆடுனாலும் வீடு நிக்கணும்னு சுவத்துக்குள்ள குறுக்கும் நெடுக்குமா மரக்கூண்டு வச்சிருக்காங்க. மாதிரிக்கு ஒண்ணு கட்டி, சுத்தி பட்டாளத்த தொம் தொம்னு நடக்கவிட்டு டெஸ்ட் பண்ணாங்கன்னு சொல்றாங்க, அத நினைச்சு தனியா சிரிச்சிட்டே நடந்தேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

மேப்ல ஒரு பெரிய குறை. ஏத்தம் எங்கன்னு தெரியாது. அல்ஃபாமா பூகம்பத்துல பெருசா அடிபடாத பழைய ஏரியா, மேப்ல பாத்தா ரெண்டு விரக்கடை தூரம் தான், நேர்ல படி, சந்து, மறுபடியும் படி, யார் வீட்டு வாசல்லயோ போய் முட்டுது, கொடில காயிற துணி தலைல சொட்டுது. மூணு தடவ ஒரே குழாயடிக்கே வந்து நின்னேன். கடைசில சாந்தா லூசியா மேடைல போய் விழுந்தேன், கீழ ஆறு கடல் மாதிரி கெடக்கு.

ராத்திரி ரூம் கதவுல சாவி மாட்டிக்கிச்சு. வீட்டுக்காரப் பாட்டிக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது, "ஷாவ்? ஷாவ்?"னு கேட்டுட்டே வந்தாங்க. ஒரு செகண்ட் கழிச்சு தான் உறைச்சுது, அட நம்ம சாவி, போர்த்துகீசுல இருந்து வந்த வார்த்தை தான்! அப்புறம் ஜன்னல காட்டுனா ஜனேலா, மேசைய காட்டுனா மேஸா, பாட்டிக்கு என்னைவிட குஷி. தமிழ்ல முதல்ல அச்சான புஸ்தகமே 1554ல இந்த ஊர்ல தான், ரோமன் எழுத்துல. தமிழ் எழுத்துலயே அச்சான தம்பிரான் வணக்கம் கொல்லத்துல வந்தது 1578. இத பாட்டிகிட்ட சொல்ல பாஷை இல்ல.

ஏப்ரல் 24, புதன்

மழை. இங்க நடைபாதை எல்லாம் சின்னச்சின்ன சுண்ணாம்புக்கல்லு, நனைஞ்சா சோப்பு தான். ரொஸ்ஸியோ சதுக்கத்து கருப்பு வெள்ளை அலை டிசைன வாய பொளந்து பாத்துட்டே நடந்தவன் சறுக்கி உக்காந்துட்டேன், புக் பாதி நனைஞ்சு போச்சு. மழை விட்டப்புறம் ஒரு சந்துல ரிப்பேர் வேலை. ஒருத்தர் குட்டி ஸ்டூல்ல உக்காந்து, கல்ல உள்ளங்கைல வச்சு சுத்தியால ரெண்டு தட்டு, திருப்பி இன்னொரு தட்டு, குழில வச்சா அளவெடுத்த மாதிரி உக்காருது. அளவுகோல் ஒண்ணும் கெடையாது. அரை மணி நேரம் நின்னிருப்பேன், அவர் நிமிர்ந்தே பாக்கல.

ஏப்ரல் 25, வியாழன்

இன்னிக்கு லீவு, சர்வாதிகாரம் கவுந்து 50 வருஷம். தெரு முழுக்க செவப்பு கார்னேஷன் பூ, 1974ல ராணுவக்காரங்க துப்பாக்கில ஜனங்க சொருகுன அதே பூ. கார்மோ சதுக்கத்துல கால் வைக்க எடமில்ல, அன்னிக்கு பிரதமர் கைத்தானோ பதுங்கி, சாயங்காலம் சரணடைஞ்ச பாராக் இங்க தான். என் புக்குல இந்த எடத்துக்கு ரெண்டே வரி, அதுவும் காபி நல்லாருக்கும்னு! என் பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் பாடிட்டே அழுதாரு, எந்த பக்கம் பாக்கறதுன்னு தெரியாம தரைய பாத்துட்டு நின்னேன்.

முட்டி ரெண்டும் வீங்கியிருக்கு. நாளைக்கு பெலேம், ஆத்தோரமா ஆறு கிலோமீட்டர் கிட்ட. வழி முழுக்க சமதளம்னு புக் சொல்லுது, பாப்போம்.