இரண்டு கோடுகள்

கோலாலம்பூர், பந்தாய் டாலாமில் நான் குடியிருக்கும் மலிவு விலை அடுக்குமாடியில், மூன்று வீடு தள்ளி இருக்கும் அக்கா ஒருவர் சென்ற மாதம் தம் இரண்டு வயது மகனின் சுகாதாரப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "தம்பி, மிஸ்ஸி (தாதி) இந்தக் கோட்டுக்குக் கீழ புள்ளி வெச்சிருக்காங்க, அப்படின்னா என்னா?" என்று கேட்டார். அது வயதுக்கேற்ற உயரத்தைக் காட்டும் வளைகோடு. எடை குறையவில்லை, உயரந்தான் ஏறவில்லை. கணவர் லாரி ஓட்டுகிறார். அக்கா பகுதிநேரத் துப்புரவு வேலைக்குப் போகிறார். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்) வருவதால், அரசாங்கக் கணக்கில் அவர்கள் ஏழைகள் அல்லர்.

அந்தக் கணக்கின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2016இல் நம் மலேசியாவின் வறுமைக் கோடு ஒரு குடும்பத்திற்கு மாதம் 980 வெள்ளி. அதன்படி வறியோர் 0.4 விழுக்காடுதான். இந்த எண்ணைக் காட்டி வறுமையை ஒழித்துவிட்டோம் என்று மேடைதோறும் பேசினார்கள். 2019 ஆகஸ்டில் இங்கு வந்த வறுமை குறித்த ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இதை ஏற்க மறுத்தார். மறு ஆண்டு ஜூலையில், உயிர் தரிக்க எவ்வளவு உணவு போதும் என்பதை விட்டுவிட்டுச் சத்தான உணவுக்கு எவ்வளவு ஆகும் என்று பார்க்கும் புதிய முறைப்படி, கோடு 2,208 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதே 2016ஆம் ஆண்டைப் புதிய முறையில் திரும்பக் கணக்கிட்டபோது 7.6 விழுக்காடு வந்தது. இடையில் எந்தக் குடும்பமும் ஒரு காசைக்கூட இழக்கவில்லை. அவர்கள் எப்போதும் அங்கேதான் இருந்தார்கள். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, கோபம் பிறகு வந்தது.

ஆனால் கோட்டை எவ்வளவு உயர்த்தினாலும் அது வருமானத்தைத்தான் அளக்கும். கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா வட்டாரத்தின் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியிருந்தனர், அதாவது வயதுக்கேற்ற உயரம் இல்லாதிருந்தனர். ஏறக்குறைய அதே அளவினர் உடல் பருத்திருந்தனர். வெளியூர்க்காரர்களுக்கு இது முரணாகத் தோன்றலாம். எங்கள் மாடியில் ஒரு மாலை நின்றால் விளங்கிவிடும். இரவு வேலைக்குக் கிளம்பும் தாய்க்குக் கையில் கிடைப்பது மேகியும் ரொட்டியும் கெட்டிப்பால் தேநீரும். கெம்போங் மீனும் கீரையும் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். பிள்ளைக்கு வயிறு நிறைந்துவிடுகிறது, எலும்புக்கு ஒன்றும் சேர்வதில்லை. ஏழைகள் வாழும் மாடிகளில் மட்டும் இப்படி என்று ஒதுக்கவும் வழியில்லை: 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாடு முழுமைக்குமே வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் அளவு 21.8 விழுக்காடு.

தலைக்கு வருமானம் நம்மைவிட மிகக் குறைந்த இலங்கையில் 2016இல் இது 17 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. இலவசக் கல்வியும் தாய்சேய் நலப் பணியும் பல தலைமுறைகளாக வேரூன்றிய நாடு அது. ஆயினும் அங்கேயும் தேயிலைத் தோட்டங்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை குன்றியிருந்தது. தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த தாத்தாவின் பேரனாகிய எனக்கு, அந்தச் சராசரியைவிட அதற்குள் மறைந்திருந்த இந்த எண்தான் உறைத்தது.

1990இல் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் மனித வளர்ச்சிக் குறியீட்டை உருவாக்கியபோது, ஆயுளையும் கல்வியையும் வருமானத்தையும் ஒரே எண்ணில் அடைப்பது முரட்டு வேலை என்று அவருடைய நண்பர் அமர்த்தியா சென் தயங்கினாராம். நாட்டின் மொத்த உற்பத்தி என்ற முரட்டு எண்ணை எதிர்க்க அதே அளவு முரட்டு எண் ஒன்று வேண்டும் என்பது ஹக்கின் பதில். ஹக் சொன்னது அன்றைக்குச் சரிதான். ஆனால் அந்தக் குறியீட்டின் மிக உயர்ந்த பிரிவில் மலேசியா இடம்பெற்றிருக்கும்போது, பக்கத்து வீட்டுப் பையனின் உயரத்தைப் பார்க்கும் எனக்குச் சென்னின் தயக்கம்தான் நெருக்கமாகப் படுகிறது.

சத்துக்குறைவான பிள்ளைகளுக்கு உணவுக் கூடை கொடுக்கும் அரசாங்கத் திட்டம் ஒன்று உண்டு. அது வறிய குடும்பங்களுக்கு மட்டுமே. அக்கா அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பதால் கூடை கிடையாது. பையன் இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதால், வரும் 14ஆம் தேதி மறுபடியும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று அரை நாள் சம்பளம் போகும்.