பைன் வாசனை, ஓசோன், நடுவுல ஃபார்மிக் ஆசிட்

எங்க லேப்ல ஒரு ரூம் அளவுக்கு பெரிய டெஃப்லான் பை இருக்கு. பைன் மரம் காத்துல விடுற ஆல்ஃபா பைனீனை சிரிஞ்சுல துளியூண்டு எடுத்து, சூடு பண்ண கண்ணாடிக் குடுவைக்குள்ள விட்டா ஆவியாகி சுத்தமான காத்தோட பைக்குள்ள போயிரும், அப்புறம் ஓசோன். கொஞ்ச நேரத்துல ஓசோன் ரீடிங் இறங்கும், துகள் அளக்குற மெஷின் ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்லாத இடத்துல ஒரு பட்டை கிளம்பி வளைஞ்சு மேல ஏறும், அதாவது புதுசா துகள் பொறந்து பெருசாகுது, அந்த வடிவத்தால இந்த ஃபீல்டுல அதுக்கு பேரே வாழைப்பழம்தான். எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அலுக்கல. காட்டு மேல தெரியுற நீல மூட்டம் மரங்களோட ஆவிலேர்ந்து வருதுன்னு 1960லயே ஃப்ரிட்ஸ் வென்ட்ங்கிற தாவரவியலாளர் எழுதிட்டாரு.

ஓசோன் பைனீனோட இரட்டைப் பிணைப்பை உடைக்கும்போது நடுவுல ஒண்ணு பொறந்து உடனே காணாம போகும், அதான் கிரீகே இன்டர்மீடியட். ருடால்ஃப் கிரீகேங்கிற வேதியியலாளர் 1949ல சொன்னது, ஆனா அதுல ரொம்ப சின்னது எவ்ளோ வேகமா ரியாக்ட் ஆகுதுன்னு நேரடியா அளக்கவே 2012 ஆயிருச்சு. 2014ல ஃபார்மிக், அசிட்டிக் ஆசிடோட அளந்தப்போ கிட்டத்தட்ட மோதினாலே ரியாக்ஷன்ங்கிற வேகம். இதுல பொறக்குறது கனமான, சுலபத்துல ஆவியாகாத பொருள், அது துகள்ல போய் ஒட்டிக்கும்.

இதைப் பாக்கத்தான் நாங்க பைக்குள்ள ஃபார்மிக் ஆசிடும் விடுறோம், ஆனா அது வேலை வாங்கிரும். ட்யூப் சுவர்ல எல்லாம் ஒட்டும், உள்ள விட்டது ஒரு அளவு, மெஷின் காட்டுறது வேற அளவு, லைனை சூடு பண்ணி, ரீடிங் நிலைக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். பொறுமை இல்லாதவங்களுக்கு இந்த வேலை ஆகாது.

எனக்கு இதுல ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். காஞ்ச காத்துல கிரீகேவைப் புடிக்கிறதுல ஆசிட் ஜெயிக்குது சரி, ஆனா காட்டுல ஆசிட் பிபிபி (நூறு கோடில ஒரு பங்கு) கணக்குல தான் இருக்கு, தண்ணி ஆவி அதவிட லட்சக்கணக்கான மடங்கு ஜாஸ்தி. சின்ன கிரீகேவை ரெண்டு தண்ணி மூலக்கூறு ஜோடியா வந்து பெரும்பாலும் முடிச்சிருது. சில பெரிய கிரீகே மட்டும், அதோட வடிவத்தால, தண்ணிகிட்ட மெதுவா போகும், அங்கதான் ஆசிடுக்கு சான்ஸ். அதனால ஈரக்காத்துல ஒரு ரன் பண்ணாம எந்த நம்பரையும் காத்து மண்டலத்தைக் கம்ப்யூட்டர்ல மாடல் பண்றவங்ககிட்ட குடுக்கக் கூடாதுன்னு குரூப் மீட்டிங்ல ஒவ்வொரு தடவையும் கேக்குறேன். நாள் கூடுதலா போகும், ஃபில்டர் கூடுதலா செலவாகும், போகட்டும். அடுத்து மரம் செடி விடுற இன்னொரு ஆவியான பீட்டா கேரியோஃபிலீன்லயும் இதையே பாக்கணும், காத்துல வழக்கமா இருக்குற ஓசோன்ல பைனீன் மணிக்கணக்கா நிக்கும், கேரியோஃபிலீன் ரெண்டு மூணு நிமிஷத்துல தீந்துரும், அதனால முதல்ல கலக்குற வேகத்தை சரி பண்ணணும்.