சுங்கை சிப்புட் குறிப்புகள்

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

வேன் மறுபடியும் தாமதம். டயாலிசிஸ் சென்டரில் ஏழு மணி ஷிப்டுக்குத் தோட்டத்து ஆட்கள் வந்து இறங்கும்போது எட்டரை. ஒருவருக்கு நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு. மதிய ஆட்கள் எத்தனை மணிக்கு வீடு போவார்கள்?

எடை பார்த்து எழுதுவது, கைபிடித்து உட்கார வைப்பது, பேச்சுக் கொடுப்பது, இவைதான் என் வேலை. ஊசியைத் தொடுவதே இல்லை. இருந்தாலும் எல்லாருக்கும் நான் மிஸிதான், அதாவது நர்ஸ்.

தோட்டத்திலிருந்து வரும் நோயாளிப் பெரியம்மாவின் உலர் எடை, அதாவது கூடுதல் நீர் இல்லாத எடை, 46 கிலோ. இன்று 49.2. "தண்ணியே குடிக்கல மிஸி." தே ஓ, பாலில்லாத தேநீர், கணக்கில் வராது போலிருக்கிறது.

பிப்ரவரி 5

விடுமுறை. செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) நடுவே தப்பிப் பிழைத்த ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்கு நடந்தேன். இலை முழுக்கச் செம்பு நிறம், காற்றே இல்லாமல் கொட்டுகிறது. சாய்வான வெட்டில் ஒட்டுப்பால் நூலாகக் காய்ந்திருந்தது. உரித்தால் நீளமாக வருகிறது. மேலே இரண்டு இருவாட்சிகள் போயின. சிறகுச் சத்தம் அத்தனை பெரிது, கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

பாலுக்கு மரம் சீவும் அக்காவிடம் அழகு என்றேன். "இலை கொட்டுனா பால் குறைஞ்சிடும்லா. சம்பளமும்தான்." அப்புறம், "பசியாறிட்டியா?" என்று ரொட்டியை நீட்டினார்.

பிப்ரவரி 6

மழை. வேன் சரியான நேரத்துக்கு வந்தது. அதிசயம்.

பிப்ரவரி 8, சனி

செவ்வாய்க்கிழமை தைப்பூசம். பெரியம்மா ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறாராம், பேரனுக்காக வேண்டுதல். அன்று சென்டர் திறந்துதான் இருக்கும், சிறுநீரகத்துக்கு ஏது பொது விடுமுறை? அவர் முறை செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் சனியிலிருந்து செவ்வாய் வரைக்குமான இடைவெளிதான் நீளமானது, பயப்பட வேண்டியதும் அதுதான். செவ்வாயையும் விட்டால் வியாழன்வரை ஐந்து நாள். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், இளநீர், பஞ்சாமிர்தம். வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாமலே இதயம் தடுமாறும். இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டினார். "முருகன் பாத்துக்குவான் மிஸி." புதன்கிழமை வரச் சொல்லலாம், நாற்காலி காலி. ஆனால் புதன்கிழமை அந்தத் தோட்டத்துக்கு வேன் கிடையாது. பால்குடம் எடுக்காதே என்று சொல்ல நான் யார்? என் அம்மாவே கேட்கமாட்டாள். இரவு முழுக்க இளநீர்தான் மண்டைக்குள் ஓடுகிறது.

பிப்ரவரி 11

நாற்காலி காலி.

பிப்ரவரி 12

போன் எடுக்கவில்லை. நான்கு முறை அடித்தேன். சுண்ணாம்பு மலை மேல் பஞ்சு மேகம், அது இது என்று எழுத உட்கார்ந்தேன். எரிச்சலாக இருந்தது, மூடிவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

வந்துவிட்டார்! 51.4. கால் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. இசிஜி எடுத்துப் பார்த்தபின் தாதி எனக்குத் தலையசைத்தார், பயமில்லை. இளநீரைத் தொடவே இல்லையாம். பஞ்சாமிர்தம் "நாக்குல ஒரு துளி." அவ்வளவு நீரையும் ஒரே மூச்சில் இறக்க முடியாது, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். கடைசி அரைமணியில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது, தேய்த்துக்கொண்டே இருந்தேன். நாளை மறுபடி வர வேண்டும். டவுனில் தங்கை வீடு இருக்கிறதாம்.

கிளம்பும்போது என் நெற்றியில் விபூதி பூசினார். திட்ட வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

பிப்ரவரி 15

47.1. நன்றாகத் தூங்கினாராம்.

வேன் ஓட்டுநர் இந்த மாதத்தோடு நின்றுவிடுகிறார், செம்பனை லாரியில் சம்பளம் கூடுதல். அடுத்து யார் என்று சென்டர் கமிட்டியில் கேட்டேன். திங்கட்கிழமை சொல்கிறோம் என்றார்கள்.